நகல் எடுத்தவர்கள் காப்பாற்றிய கணினி

1982 ஏப்ரல் 23 அன்று இங்கிலாந்தின் சின்க்ளேர் ரிசர்ச் நிறுவனம் ஒரு வீட்டுக் கணினியை அறிமுகப்படுத்தியது. பெயர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். டைரி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, மூலையில் வானவில் கோடுகள், நாற்பது ரப்பர் பட்டன்கள். அந்த ரப்பரைத் தொட்டவர்கள் 'செத்த சதை' என்று கேலி செய்தார்கள். உள்ளே 3.5 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் இசட்80ஏ சிப். 16 கேபி நினைவகம் உள்ள மாடல் 125 பவுண்டு. 48 கேபி மாடல் 175 பவுண்டு. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு படம்கூட அந்த நினைவகத்தில் அடங்காது. ஆனாலும் ஏறத்தாழ 50 லட்சம் ஸ்பெக்ட்ரம்கள் விற்றன. பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் என்று பெற்றோர் வாங்கிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் விளையாடினார்கள். அவர்களில் சிலர் நிரல் எழுதக் கற்றுக்கொண்டு, பள்ளிப் படிப்பு முடியும் முன்பே சம்பாதிக்கவும் தொடங்கினார்கள்.

அந்தப் பிள்ளைகள் இப்போது ஐம்பதைக் கடந்துவிட்டார்கள். பெற்றோர் வீட்டுப் பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்குகிறார்கள்; இல்லாதவர்கள் ஏலத்தில் வாங்குகிறார்கள். வாங்கியதும் எழும் முதல் கேள்வி, இதில் போட்டு ஓட்ட மென்பொருளுக்கு எங்கே போவது என்பது. தயாரித்த நிறுவனம் கைமாறி, விளையாட்டுகளை வெளியிட்டவர்களில் பெரும்பாலானோர் கடையை மூடி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் விடை வியப்பானது: ஸ்பெக்ட்ரம் உச்சத்தில் இருந்த 1984ஐ விட இன்று அதற்கு மென்பொருள் தேடுவது எளிது. இந்த எளிமைக்குப் பெரிதும் காரணமானவர்கள், அன்று திருடர்கள் என்று பெயர் வாங்கியவர்கள்.

அன்று: ஐந்து நிமிடக் கூச்சல்

ஸ்பெக்ட்ரத்தில் வட்டு கிடையாது. மின்சாரம் கொடுத்தால் தொலைக்காட்சித் திரையின் அடியில் நிறுவனத்தின் பெயரோடு ஒரே ஒரு வரி வரும். அதற்குமேல் அதற்கு எதுவும் தெரியாது. நிரல் வேண்டுமென்றால் வீட்டில் பாட்டுக் கேட்கும் கேசட் ரெக்கார்டரை அதோடு இணைக்க வேண்டும். 'ஜே' பட்டனை அழுத்தினால் 'லோடு' என்ற முழுச் சொல்லும் திரையில் விழும். பின்பு இரட்டை மேற்கோள் குறி, என்டர், டேப்பில் பிளே.

உடனே ஒரு நீண்ட ஒற்றைச் சுருதி கிளம்பும். திரையின் விளிம்பில் சிவப்பும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாக ஓடும். பிறகு சுருதி உடைந்து கரகரப்பாகும். பட்டைகள் நீலமும் மஞ்சளுமாக மாறும். அந்தக் கரகரப்புதான் நிரல். ஒன்றும் பூச்சியமும் நீளமான துடிப்பும் குறுகிய துடிப்புமாக ஒலிவடிவில் டேப்பில் பதிந்திருக்கும். நொடிக்குச் சுமார் 1500 பிட்டுகள்தான் உள்ளே போகும் என்பதால், நினைவகத்தை நிரப்பும் ஒரு விளையாட்டு ஏறி முடிய நான்கைந்து நிமிடம் பிடிக்கும். நாலாவது நிமிடத்தில் டேப் ஒரு நூலளவு பிசகினாலும் 'டேப் லோடிங் எரர்' என்ற அறிவிப்புதான் மிச்சம். மறுபடி சுற்று, மறுபடி போடு. ஒலியளவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தும் சரிவரவில்லை என்றால் சின்ன ஸ்குரூடிரைவரால் டேப்பின் ஹெட்டைச் சாய்த்துச் சரிசெய்வார்கள். பத்து வயதுப் பையன்களுக்கும் அந்த வித்தை அத்துபடி.

கேசட்டை வாங்குவதும் சுலபமில்லை. மேத்யூ ஸ்மித் பதினேழு வயதில் எழுதி 1983இல் வெளிவந்த 'மேனிக் மைனர்' விளையாட்டின் விலை 5.95 பவுண்டு. சிறுவர்களின் கைச்செலவுப் பணத்துக்கு அது பெரிய தொகை. பிறகு மாஸ்டர்டிரானிக் நிறுவனம் 1.99 பவுண்டுக்குக் கேசட்டுகளைக் கொண்டுவந்து, பத்திரிகைக் கடைகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும்கூட மிட்டாய் வரிசைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டது. எதை வாங்குவது என்று சொல்ல மாத இதழ்கள் இருந்தன. அவற்றில் பேர் பெற்ற 'கிராஷ்', இங்கிலாந்தின் லட்லோ என்ற சிற்றூரில் தபால்வழி விற்பனைப் பட்டியலாகத் தொடங்கி 1984இல் இதழாக மாறியது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் அது போடும் சதவீத மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் பலர் கைக்காசை அவிழ்த்தார்கள்.

காசே இல்லாதவர்களுக்கும் வழி இருந்தது. இதழ்கள் நிரலை வரி வரியாக அச்சிட்டன. 'சின்க்ளேர் புரோகிராம்ஸ்' என்ற இதழ் முழுவதும் அந்த வரிகள்தான். சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து தட்டெழுதினால், ஒரு கமா பிசகாமல் இருந்தால், மாலையில் ஒரு விளையாட்டு கிடைக்கும். பிசகியிருந்தால் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதிலேயே நிரல் எழுதும் கலை கொஞ்சம் புரிந்துவிடும். பிரிட்டனின் மென்பொருள் துறையில் பின்னாளில் நுழைந்த ஒரு தலைமுறைக்கு இதுதான் பள்ளிக்கூடம்.

இரட்டை டெக் செய்த வேலை

நிரல் வெறும் ஒலி என்றால், ஒலியை நகலெடுக்கும் எந்தப் பெட்டியும் நிரலை நகலெடுக்கும். வெற்றுக் கேசட்டோடு ஒரு பட்டியலையும் கொடுத்துப் பிடித்த பாட்டுகளைப் பதிந்து வாங்கிய நம் ஊர் ரெக்கார்டிங் சென்டர் தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிரிட்டனின் பள்ளி மைதானங்களில் அதுவே கடை இல்லாமல் நடந்தது. ஒருவன் வாங்குவான், வகுப்பே விளையாடும்.

வெளியீட்டாளர்கள் கொதித்தார்கள். 1984இல் வந்த 'ஜெட் செட் வில்லி' கேசட்டோடு வண்ணக் கட்டங்கள் நிறைந்த ஓர் அட்டையும் வந்தது. திரை ஓர் இடத்தைக் கேட்கும். அங்கே உள்ள நிறங்களைப் பார்த்துச் சரியாக அழுத்தினால்தான் விளையாட்டு தொடங்கும். வண்ண நகல் இயந்திரம் எளிதில் கிடைக்காத காலம் அது. அட்டையைத் தொலைத்தவரும் நிறக்குருடு உள்ளவரும் காசு கொடுத்து வாங்கியும் வெளியே நிற்க வேண்டியதுதான். அடுத்து வந்த 'லென்ஸ்லாக்' இன்னும் மோசம். திரையில் சிதறிய எழுத்துகளை ஒரு பிளாஸ்டிக் பட்டக வில்லை வழியாகப் பார்த்துப் படிக்க வேண்டும். தொலைக்காட்சிப் பெட்டி மிகச் சிறியதாகவோ பெரியதாகவோ இருந்தால் எழுத்து தெரியாது. 1985இல் ஸ்பெக்ட்ரத்துக்கு வந்த 'எலீட்' விளையாட்டின் சில பெட்டிகளில் வேறொரு விளையாட்டுக்கான வில்லையையே போட்டு அனுப்பிவிட்டார்கள். நகல் எடுத்தவனுக்கு இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை; யாரோ ஒரு கெட்டிக்காரப் பையன் பூட்டை உடைத்துக் கொடுத்த பிரதிதான் அவன் கையில்.

சட்டமும் வந்தது. கணினி நிரலுக்கும் காப்புரிமை உண்டு என்று பிரிட்டனின் 1985ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தெளிவாகச் சொன்னது. ஒரு வழக்கும் நடந்தது, பாட்டுக் கம்பெனிகளுடையது. ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்கு வேகமாகப் பதியும் இரட்டை டெக்குகளை மலிவாக விற்ற ஆம்ஸ்ட்ராட் நிறுவனத்தின்மீது தொடுத்தார்கள். கருவியை விற்பது, நகலெடுக்க அனுமதி கொடுப்பதாகாது என்று 1988இல் பிரபுக்கள் சபை ஆம்ஸ்ட்ராடுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்த ஆம்ஸ்ட்ராட்தான், கடனில் தடுமாறிய சின்க்ளேரின் கணினி வியாபாரத்தை 1986இல் 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கியிருந்தது. நகல் எடுக்கும் கருவியை விற்றவர்களே, அந்த நகல்கள் ஓடும் கணினிக்கும் உரிமையாளர் ஆனார்கள்.

கடையே இல்லாத நாடுகள்

பிரிட்டனில் நகல் என்பது காசை மிச்சப்படுத்தும் வழி. இரும்புத்திரைக்கு அப்பால் அதுவே ஒரே வழி. சோவியத் ஒன்றியத்தில் ஸ்பெக்ட்ரத்தின் சுற்றமைப்பைப் பார்த்து 'லெனின்கிராட்', 'பென்டகன்' என்ற பெயர்களில் போலிக் கணினிகளைக் கட்டினார்கள். செக்கோஸ்லோவாகியாவில் 'டிடாக்டிக்' என்ற உள்நாட்டு வடிவம் உருவானது. அந்த மக்கள் வாங்க விளையாட்டுக் கேசட் விற்கும் கடை எதுவும் இல்லை. கேசட் கைமாறிக் கைமாறிப் பரவியது.

அப்படிப் பரவியதில் ஒன்று அரசியல் ஆவணமாகவே ஆகிவிட்டது. 1989 ஜனவரியில் பிராக் நகரின் வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் கூடிய மக்களைக் காவல்துறை அடித்து விரட்டியது. அதை வைத்துப் பெயர் சொல்லாத ஒருவர் ஸ்பெக்ட்ரத்துக்கு ஓர் எழுத்துவழிச் சாகச விளையாட்டு எழுதினார். இண்டியானா ஜோன்ஸ் அந்தச் சதுக்கத்தில் சிக்கிக்கொண்டு காவலர்களிடமிருந்து தப்ப வேண்டும் என்பது கதை. அதை அச்சிடவோ விற்கவோ எந்த நிறுவனமும் முன்வந்திருக்காது. இன்று ஆய்வாளர்கள் அதை ஆங்கிலத்தில் பெயர்த்துப் படிக்கிறார்கள் என்றால், அன்று யாரோ நகல் எடுத்தார்கள் என்பதால்தான்.

யூகோஸ்லாவியாவில் வானொலியே நகல் எடுக்கும் கருவியானது. பெல்கிரேடு வானொலியில் சோரான் மோட்லி நடத்திய 'வெண்டிலேட்டர் 202' நிகழ்ச்சி, நிரலின் கரகரப்பை அப்படியே காற்றில் விட்டது. கேட்டவர்கள் வானொலிக்கு முன்னால் ரெக்கார்டரை ஓடவிட்டுப் பதிந்துகொண்டு கணினியில் ஏற்றினார்கள். கம்பியில்லாமல் மென்பொருளை இறக்குவதை 1983இலேயே செய்துவிட்டார்கள்.

இந்தியாவிலும் ஸ்பெக்ட்ரத்துக்கு ஒரு சிறு கிளை உண்டு. டெசிபெல்ஸ் என்ற நிறுவனம் ஸ்பெக்ட்ரம் பிளஸ் மாடலை 'டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்' என்ற பெயரில் இங்கே விற்றது. நம் பள்ளிகளுக்கு 1984இல் மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டம் கொண்டுவந்தது அதன் போட்டியாளரான பிபிசி மைக்ரோவை.

இன்று: உடல் தளர்ந்தது, சரக்கு குவிந்தது

அன்று பெட்டி புதிது, மென்பொருள் அரிது. இன்று நிலைமை தலைகீழ். பரணிலிருந்து இறக்கிய ஸ்பெக்ட்ரத்துக்கு முதலில் வைத்தியம் பார்க்க வேண்டும்.

பட்டன்களுக்கு அடியில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலம், போர்டில் செருகும் நுனியில் காய்ந்து ஒடிந்திருக்கும். நாற்பது ஆண்டுப் படலத்தைத் தொட்டாலே உடையும் என்பதால் பெட்டியைத் திறக்கும்போதே புதியதை வாங்கி வைத்துக்கொள்வார்கள். இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். மின்தேக்கிகள் உலர்ந்திருக்கும். கீழ் 16 கேபி நினைவகத்தில் உள்ள எட்டு சிப்புகளுக்கு மூன்று வகை மின்னழுத்தம் வேண்டும். அவற்றில் மைனஸ் 5 வோல்ட் வராமல் போனால் சிப்புகள் செத்துவிடும். மேல் 32 கேபியில் இருப்பதோ சின்க்ளேரின் சிக்கனம். 64 கிலோபிட் சிப்பில் ஒரு பாதி பழுதாகிப் போனால் மற்றவர்கள் கழித்துவிடுவார்கள். சின்க்ளேர் நிறுவனம் அவற்றை மலிவாக வாங்கி நல்ல பாதியை மட்டும் பயன்படுத்தியது. 175 பவுண்டுக்கு 48 கேபி கொடுக்க முடிந்ததன் ரகசியங்களில் அதுவும் ஒன்று.

கணினியின் இதயம், ஃபெராண்டி நிறுவனம் செய்துகொடுத்த யுஎல்ஏ என்ற சிப். திரை, கேசட், கீபோர்டு, ஒலி எல்லாமே அதன் கையில். சூடேறிச் சாகும் இந்தச் சிப்பை வேறு எங்கும் வாங்க முடியாது என்றுதான் வெகுகாலம் இருந்தது. கிறிஸ் ஸ்மித் அதன் உள்ளமைப்பை அடுக்கு அடுக்காக ஆராய்ந்து 2010இல் ஒரு புத்தகமே எழுதினார். இன்று அதே காலில் பொருந்தும் மாற்றுச் சிப்புகள் கிடைக்கின்றன.

தொலைக்காட்சியோடு இணைப்பதும் ஒரு பாடு. ஸ்பெக்ட்ரம் தன் படத்தை ஆண்டெனா வழியாக 36ஆம் சேனலில் அனுப்பும். பிரிட்டனில் அனலாக் ஒளிபரப்பே 2012இல் நின்றுவிட்டது. ஆகவே பெட்டிக்குள் இருக்கும் மாடுலேட்டரைத் தவிர்த்துவிட்டு நேராகக் காம்போசிட் சிக்னலை எடுக்கும் சின்ன மாற்றத்தைச் செய்கிறார்கள். ஒன்றிரண்டு வயரில் முடியும் வேலை.

இந்த வைத்தியம் முடிந்தால் மென்பொருள் விஷயத்தில் விருந்துதான். அன்று டேப் வாங்கக் காசு சேர்த்தவர்கள், இன்று ஒரு மெமரி கார்டில் எல்லாவற்றையும் போட்டுக்கொள்கிறார்கள். எல்லாவற்றையும் என்றால் சொல்லுக்காகச் சொல்வதில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த மார்ட்டின் வான் டர் ஹைட 1995இல் தொடங்கிய 'வேர்ல்டு ஆஃப் ஸ்பெக்ட்ரம்' காப்பகம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுகளைப் பட்டியலிட்டது. ஒவ்வொன்றும் 48 கேபி என்று தாராளமாகவே கணக்கு வைத்தாலும் பத்தாயிரமும் சேர்ந்து அரை ஜிபிக்குள் அடங்கிவிடும். ஒரு பத்தாண்டின் மொத்த உழைப்பு, விரல் நகத்தளவு கார்டில் ஒரு மூலையைக்கூட நிரப்பாது.

அதைக் கணினியில் ஏற்றப் பல வழிகள். கைபேசியில் ஒலிக்கோப்பைப் போட்டு, ஹெட்போன் வயரை ஸ்பெக்ட்ரத்தின் 'இயர்' துளையில் செருகினால் பழைய கேசட்டைப் போலவே ஏறும். கைபேசிகளில் ஹெட்போன் துளையையே எடுத்துவிட்டார்கள் என்பதுதான் இப்போதைய சிக்கல். பொறுமை இல்லாதவர்கள் 'டிவ்எம்எம்சி' போன்ற பலகையைக் கணினியின் பின்னால் செருகுகிறார்கள். மெமரி கார்டிலிருந்து பட்டியல் விரியும். ஐந்து நிமிடம் பிடித்தது இப்போது கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து நிற்கும்.

அசல் கணினியே வேண்டாம் என்பவர்களுக்கு எமுலேட்டர். அதாவது இன்றைய கணினிக்குள் பழைய கணினியைப் போல நடிக்கும் நிரல். அப்படி நடிக்க, ஸ்பெக்ட்ரத்தின் ரோம் சிப்பில் எரித்து வைத்திருந்த 16 கேபி அசல் நிரல் தேவை. அது ஆம்ஸ்ட்ராடின் சொத்து. எமுலேட்டர்களோடு சேர்த்து அதை இலவசமாகப் பரப்பிக்கொள்ளலாம், காப்புரிமை வரியை மட்டும் அழிக்காதீர்கள் என்று ஆம்ஸ்ட்ராட் 1999இல் அனுமதி கொடுத்தது. 2007இல் அந்த நிறுவனத்தை ஸ்கை ஒளிபரப்பு நிறுவனம் வாங்கியதால், உரிமை இப்போது அதன் கையில். சொந்தக்காரர் தானே முன்வந்து கதவைத் திறந்துவிட்ட இந்த ஒரு செயலால், எமுலேட்டர் எழுதுபவர்கள் அச்சமில்லாமல் வேலை செய்ய முடிந்தது.

பூட்டு உடைத்தவனின் கோப்பு

காப்பகத்தில் இருக்கும் கோப்புகளைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் வரலாறு புரியும். சில கோப்புகள் நினைவகத்தை ஓடும் நிலையிலேயே உறையவைத்து எடுத்த படங்கள். இன்னும் சில, டேப்பில் இருந்த துடிப்புகள் ஒவ்வொன்றின் நீளத்தையும் அப்படியே குறித்து வைத்தவை; 'டி.இசட்.எக்ஸ்' வடிவம் அந்த வகை. நகலைத் தடுக்க வெளியீட்டாளர்கள் செய்த தந்திரங்களையும் சேர்த்துப் பாதுகாக்க இந்த வடிவத்தால்தான் முடியும்.

தொடக்கக் காலத்தில் அந்த அளவு துல்லியத்துக்குக் கருவிகள் இல்லை. மக்கள் கொண்டுவந்து சேர்த்தவற்றில் பெரும்பகுதி, 1980களில் பூட்டு உடைக்கப்பட்டுக் கைமாறிய பிரதிகள். உடைத்தவன் பெருமையாகத் தன் பெயரைப் பொறித்துவிட்ட பிரதிகளும் உண்டு. அசல் கேசட்டுகளின் டேப் பூசணம் பிடித்தும் நீண்டும் போக, பத்துப் பேர் எடுத்த பத்து நகல்களில் ஏதோ ஒன்று பிழைத்திருந்தது. ஒரே பொருள் பல கைகளில் இருப்பதுதான் அழிவுக்கு எதிரான வலுவான காப்பு என்பதை ஓலைச்சுவடி பெயர்த்து எழுதிய நாட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

'ஜெட் செட் வில்லி'யின் வண்ண அட்டையை ஸ்கேன் செய்து காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள். லென்ஸ்லாக் வில்லை தொலைந்தவர்களுக்காக அந்த வில்லையின் வேலையைச் செய்யும் நிரலை எழுதியிருக்கிறார்கள். பழைய இதழ்களும் பக்கம் பக்கமாக ஸ்கேனாகிக் கிடக்கின்றன. சில வெளியீட்டாளர்கள் மட்டும் தங்கள் விளையாட்டுகளைப் பகிர வேண்டாம் என்று மறுத்தார்கள். காப்பகம் அதை மதித்து அந்தத் தலைப்புகளை எடுத்துவிட்டது. எவரும் நகல் எடுக்காமல் விட்ட விளையாட்டுகளோ விளம்பரத்தில் பெயராக மட்டும் எஞ்சியிருக்கின்றன. இப்படி 'காணாமல் போனவை' என்று ஒரு பட்டியலே உண்டு. யாரோ ஒருவரின் ஷூ டப்பாவிலிருந்து அவ்வப்போது ஒன்று அதிலிருந்து மீண்டு வருகிறது.

எல்லாம் கிடைப்பதில் ஒரு நட்டமும் இல்லாமல் இல்லை. சேர்த்த காசை முழுதாகக் கொடுத்து வாங்கிய விளையாட்டு மட்டமாக இருந்தாலும் அன்று அதைக் கடைசிக் குகை வரை விளையாடினார்கள், வேறு வழியில்லை. பத்தாயிரம் தலைப்புகள் வரிசையில் நிற்கும்போது எதையும் இரண்டு நிமிடத்துக்குமேல் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. தேர்ந்து கொடுக்கும் ஆள் அன்றைவிட இன்று அதிகம் தேவைப்படுகிறார். 'கிராஷ்' இதழ் வாசகர்களின் ஆதரவில் மீண்டும் அச்சில் வருவதற்கு ஏக்கம் மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

இன்னும் எழுதுகிறார்கள்

பழையதைச் சேமிப்பதோடு கதை முடியவில்லை. தயாரிப்பு 1992இல் நின்றுபோன கணினிக்கு இன்றும் புது விளையாட்டுகள் வருகின்றன. ஸ்பெயினின் ரெட்ரோவொர்க்ஸ் குழு 2013இல் 'லாஸ் அமோரெஸ் டி புருனில்டா'வையும், ரஷ்யாவைச் சேர்ந்தவர்கள் 2015இல் 'காசில்வேனியா: ஸ்பெக்ட்ரல் இன்டர்லூட்'டையும் வெளியிட்டார்கள். 1984இல் அவை கடைக்கு வந்திருந்தால் ஊரே திரும்பிப் பார்த்திருக்கும்.

எப்படி முடிகிறது? அன்று நிரல் எழுதியவர் அதே 48 கேபிக்குள் தன் எழுதும் கருவியையும் அடைத்துக்கொண்டு திண்டாடினார். இன்று பெரிய கணினியில் எழுதிச் சோதித்து, முடிந்ததை மட்டும் சின்னதுக்கு அனுப்பலாம். ஒரு சான்று: ஸ்பெக்ட்ரத்தின் திரையில் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்துக்கு இரண்டே நிறங்கள்தான் அனுமதி. ஓர் உருவம் இன்னொன்றை உரசினால் நிறம் ஒட்டிக்கொள்ளும். பிரேசிலைச் சேர்ந்த ஐனார் சௌகாஸ் எழுதிய 'நிர்வாணா' என்ற நிரல், திரையில் கற்றை கீழே இறங்க இறங்க நிறங்களை மாற்றிக்கொண்டே போய், இரண்டு புள்ளி உயரத்துக்கு ஒருமுறை புது நிறம் கொடுக்கிறது. கணினி மாறவில்லை, அதன் நேரத்தை நுணுக்கமாகக் கணக்கிடும் அறிவு வளர்ந்துவிட்டது. அவரே எழுதிய 'இசட்எக்ஸ்0' சுருக்கும் கருவி, சுருக்கும் கடின வேலையை இன்றைய கணினியிடம் விடுகிறது. பிரித்தெடுக்க ஸ்பெக்ட்ரத்துக்குத் தேவைப்படும் நிரலோ 100 பைட்டுக்கும் குறைவு.

பழைய ஒலிக்கும் புது வேலை வந்தது. 2018இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட 'பேண்டர்ஸ்னாட்ச்' படம் 1984ஆம் ஆண்டின் ஒரு விளையாட்டு எழுத்தாளனைப் பற்றியது. அதன் முடிவுகளில் ஒன்றில் கரகரப்பு ஒன்று கேட்கும். விவரம் தெரிந்தவர்கள் அதைப் பதிந்து ஸ்பெக்ட்ரத்தில் ஏற்ற, திரையில் ஒரு கியூஆர் கோடு வந்தது. அது அழைத்துச் சென்ற இடத்தில் உண்மையாகவே ஓடும் ஒரு ஸ்பெக்ட்ரம் விளையாட்டு காத்திருந்தது.

வன்பொருளும் திரும்பியது. அசல் பெட்டியை வடிவமைத்த ரிக் டிக்கின்சன், 'ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட்' என்ற புதிய கணினிக்கும் உடல் வரைந்தார். 2017இல் பொதுமக்களிடம் திரட்டியது 7 லட்சம் பவுண்டுக்கு மேல். 2020இல் அது வாங்கியவர்களின் கைக்குப் போனபோது அவர் உயிருடன் இல்லை. 2024 நவம்பரில் ரெட்ரோ கேம்ஸ் நிறுவனம் ரப்பர் பட்டன்களோடு 'தி ஸ்பெக்ட்ரம்' பெட்டியை விற்பனைக்கு விட்டது. உள்ளேயே 48 விளையாட்டுகள். நேராகப் புதிய தொலைக்காட்சியில் செருகலாம். கேசட்டும் வேண்டாம், ஸ்குரூடிரைவரும் வேண்டாம்.

சட்டம் சொல்வதும் காலம் சொன்னதும்

பிரிட்டிஷ் சட்டப்படி ஒரு படைப்பின் காப்புரிமை, அதை எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரை இருக்கும். 1983இல் எழுதிய விளையாட்டின் ஆசிரியர் இன்று உயிருடன் இருந்தால், 2095க்கு முன் அது பொதுச் சொத்தாகாது. மெல்லிய டேப்பில் காந்தத்தால் பதிந்த பொருளுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. சட்டம் அனுமதிக்கும் நாள்வரை காத்திருந்திருந்தால் பாதுகாக்க எதுவும் மிஞ்சியிருக்காது.

இதனால் எழுதியவருக்குரிய கூலியைக் கொடுக்காமல் விடலாம் என்று ஆகிவிடாது. மேத்யூ ஸ்மித் போன்றவர்கள் இழந்த வருமானம் உண்மைதான். விற்பனையில் இருக்கும் பொருளை நகலெடுப்பது வேறு. விற்க ஆளே இல்லாத பொருளை அழியாமல் வைப்பது வேறு. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தும் சட்டத்தைத் திருத்தி, விற்பனையில் இல்லாத மென்பொருளை நூலகங்களும் காப்பகங்களும் நகலெடுத்து வைக்கவும் படிக்கக் கொடுக்கவும் வழிசெய்ய வேண்டும். ஆம்ஸ்ட்ராட் போல நல்ல மனது வைக்கும் உரிமையாளர்களை நம்பியே ஒரு நாட்டின் நினைவை விட்டுவைக்க முடியாது.

தமிழ் வாசகர்களுக்கு இதில் சொந்த வேலையும் இருக்கிறது. 1980களில் மலேசியாவின் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளையும், கனடாவின் முனைவர் சீனிவாசன் 'ஆதமி'யையும் உருவாக்கிக் கணினியில் தமிழைத் தட்டச்சிட வழி வகுத்தார்கள். யூனிகோடு பரவும் முன்பு ஆளுக்கொரு எழுத்துரு இருந்தது. அவற்றில் தட்டச்சான கதைகள், மலர்கள், சிற்றிதழ்கள் இன்னும் பிளாப்பி வட்டுகளில் உறங்குகின்றன. உங்கள் வீட்டு அலமாரியில் அப்படி ஒரு வட்டோ கேசட்டோ பழைய கணினியோ இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பழைய அடாப்டரை அவசரப்பட்டுச் செருகவும் வேண்டாம். மின்னழுத்தத்தைத் தெரிந்த ஒருவர் அளந்து பார்க்கட்டும். வட்டில் இருப்பதை முதலில் நகலெடுத்து, எழுத்துருக் கோப்பையும் சேர்த்து, இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். அது யாருக்குப் பயன்படும் என்பதை நாற்பது ஆண்டு கழித்து வருபவர்கள் முடிவு செய்துகொள்வார்கள்.